கற்பூரம் காட்டிய வண்டியில் ராடு வைப்பதில்லை

பட்டறையில் புதிதாகக் கால் வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நம் பட்டறைக்காரர் சங்கத்து ஆண்டு மலரில் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முப்பத்தெட்டு வருடம் இரும்போடு மல்லுக்கட்டினேன். பேனாவோடு மல்லுக்கட்டுவது இதுதான் முதல் தடவை. எந்த இரும்புக்கு எந்த வெல்டிங் ராடு, எத்தனை ஆம்பியரில் ஓட்டுவது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதை ஐ.டி.ஐ.யில் சொல்லித் தந்திருப்பார்கள். தராவிட்டால் உங்கள் கை சுட்டுக்கொண்டு தானே கற்றுக்கொள்ளும். நான் சொல்ல வந்தது ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி. ஒரு போலீஸ் ஸ்டேஷனிலும், கோர்ட்டிலும், நம் சங்கக் கூட்டத்திலும், என் பட்டறையிலேயே ஒரு பெண்மணியிடமும் தவிர வேறெங்கும் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் பட்டறை கரிக்கலாம்பாக்கத்தில், ஒரு பக்கம் நெல் வயலும் மறுபக்கம் கல் நட்ட பிளாட்டுமாக இருந்த இடத்தில் இருந்தது. கரும்பு ஏற்றும் டிரெய்லர்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கரும்பு டிரெய்லரில் ஒரு சௌகரியம் உண்டு. நீங்கள் சொதப்பினால் கரும்பு ரோட்டில் விழும், விவசாயி உங்களை நாலு வார்த்தை திட்டுவார், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடிக்கக் கரும்பு கிடைக்கும். அதோடு தீர்ந்தது.

பிறகு பைக் பைத்தியங்கள் வர ஆரம்பித்தார்கள். செல்லமாகத்தான் சொல்கிறேன். ரேஸ் நடக்கும் ஓடுதளத்தைச் சில நாட்களில் வெளியாருக்குத் திறந்துவிடுவார்களாம், அதற்கு டிராக் டே என்று பெயர். அன்றைக்குத் தம் வண்டியைக் கொண்டுபோய் ஆசை தீர விரட்டலாம். இந்த வண்டிகளுக்கு லைட் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது, ரோட்டில் ஓட்டவும் முடியாது. ஆகவே இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மழை படாமல், தூசு படாமல், நாலு பக்கமும் மூடிய டிரெய்லர் வேண்டும் என்று வந்து நின்றார்கள். பின்கதவைக் கீழே சாய்த்தால் அதுவே வண்டி ஏறும் பலகையாக வேண்டும். உள்ளே முன்சக்கரத்தைக் கவ்வும் ஸ்டாண்டு, பெல்ட் மாட்டித் தரையோடு இழுத்துக் கட்ட வளையம், ஹெல்மெட் வைக்க அலமாரி, எல்லாம் வேண்டும்.

முதல் டிரெய்லரில் காற்றுப்போக்கு வைக்க மறந்துபோனேன். பெட்ரோல் வாசம் உள்ளேயே தங்கி, கதவைத் திறந்து தலையை விட்டவர் கிறுகிறுத்து வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாண்ணா, டிரெய்லர் கட்டச் சொன்னா சாராயக்கடை கட்டிக் குடுத்துக்கிறீங்க" என்றார். சிரித்துக்கொண்டே இரண்டு ஜன்னல் வெட்டிக் கொடுத்தோம். சிரித்துவிட்டுப் போகக்கூடிய தவறு என்று ஒன்று உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். இனிமேல் சொல்வது அப்படிப்பட்டதல்ல.

அந்த ஜன்னலை வெட்டியவர் ஆரோக்கியசாமி. வில்லியனூர்ப் பக்கம் ஒரு மாதா கோயில் ஊர்க்காரர், கத்தோலிக்கர், என்னிடம் இருபத்திரண்டு வருடம் வெல்டர். என்னைவிட ஆறு வயது இளையவர். அதிகம் பேச மாட்டார். வெல்டு போட்டு முடித்ததும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டு, அப்புறம்தான் முகத்தை மூடும் ஷீல்டைத் தலையிலிருந்து எடுப்பார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வண்டியை ஒப்படைக்கும் முன் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டுவோம். கற்பூரம் காட்டிய வண்டியில் அதன் பிறகு ராடு வைக்கக் கூடாது. மூலக்குளத்தில் எனக்குத் தொழில் கற்றுத் தந்த மேஸ்திரி அதில் கறாராக இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நான் செய்த காரியத்துக்குப் பக்கத்தில் அவர் பெயர் வருவது அவருக்கு மரியாதையல்ல.

பிரவீன் என்ற இளைஞருக்கு டிரெய்லர் கட்டிக்கொண்டிருந்தோம். நல்ல பிள்ளை. வில்லியனூரில் நிலபுலன் உள்ள குடும்பம். இரண்டு பைக் வைக்க என்று ஆரம்பித்த வேலை. ஆரோக்கியசாமி பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு வைக்கலாம் என்றார், உள்ளே எட்டிப் பார்க்க வசதியாக இருக்கும் என்று. பிரவீன் வேண்டாம் என்றுவிட்டார். அந்த இடத்தில் பெரிதாக ஸ்டிக்கர் ஒட்ட வேண்டுமாம். நானும் வாடிக்கையாளர் இஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வந்து, "அண்ணா, பாகூர்ல என் ஃப்ரெண்டும் வர்றான், மூணு பைக் ஆக்கிடுங்க" என்றார். சனிக்கிழமை டிராக் டே. அடித்துப் பிடித்து ஸ்டாண்டுகளை இடம் மாற்றினோம். மூன்று வண்டியின் ஹேண்டிலும் ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று பார்க்க, நடு ஸ்டாண்டை டேக் மட்டும் வைத்து நிறுத்தினோம். டேக் என்றால் உங்களுக்குத் தெரியும், துணியை நூலோட்டி வைக்கிற மாதிரி, நாலு இடத்தில் ஒரு பொட்டு. முழு வெல்டு பிறகு ஓட்ட வேண்டும். பெல்ட் கட்டும் வளையங்களும் அந்த ஸ்டாண்டின் அடிப் பிளேட்டிலேயே இருந்தன. பிளேட் கழன்றால் வண்டியைப் பிடிக்க வேறொன்றும் இல்லை.

வியாழக்கிழமை மதியம் மழை, கரண்ட் போய்விட்டது. சாயங்காலம்வரை வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று உள்ளே பெயிண்ட் அடிக்கச் சொன்னது நான்தான். கறுப்புப் பெயிண்ட் ஏறிவிட்டால் டேக்கும் முழு வெல்டும் கண்ணுக்கு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி வெளியேற வேண்டும் என்று பிரவீனின் அப்பா ஒன்பதேகாலுக்கே மாலை, பழம், ஐயர், போட்டோக்காரர் சகிதம் வந்து இறங்கினார். பிரவீனின் இரண்டு பைக்குகளையும் உள்ளே ஏற்றிக் கட்டி, கதவைத் திறந்து வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தார்கள். இரண்டில் கனமானது நடுவில் நின்றது. நான் அப்பாவுக்குக் காபி வாங்கிவரச் சொல்லி, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, அவர் பேசுவதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கற்பூரம் காட்டினார்கள். ஆரோக்கியசாமி வழக்கம்போல ஓரமாக நின்று கைகூப்பிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு என் தோளைத் தொட்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்து ஐந்து. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அண்ணே, ஒரு நிமிஷம் இப்டி வாங்க."

"இன்னாபா?"

"நடு ஸ்டாண்டு டேக்லதான் நிக்குது. காலைல வந்து போட்டுக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வண்டிய ஏத்தி பூஜைய ஆரம்பிச்சுட்டாங்க."

"இத இப்ப வந்து சொல்றியே."

"நீங்க அவுங்ககூட பேசிக்கினு இருந்தீங்க. ரெண்டு தபா கூப்ட்டேன், கைய காட்னீங்க."

கை காட்டினேன்தான். அப்புறம் வா என்று காட்டியிருக்கிறேன், யார் என்று பார்க்காமலே.

"கற்பூரம் காட்டியாச்சு ஆரோக்கியம். இப்பப் போயி ராடு வைக்கச் சொல்றியா? அவுங்கப்பா இன்னா நெனைப்பாரு?"

"வண்டிய எறக்கிட்டு ஓட்டிட்டா ஆச்சுண்ணே. கரண்ட் இருக்குது."

"உங்க ஆளுங்களுக்கு இது புரியாது. வுடு. பெல்ட் கட்டியிருக்குல்ல, திங்கக்கிழமை வண்டி திரும்பி வந்ததும் போட்டுக்கலாம். பையன் கிட்ட ஒண்ணும் சொல்லிக்காத, பயந்துக்குவான்."

உங்க ஆளுங்களுக்கு. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை எங்களுக்குள் வந்ததில்லை. அவர் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்று வளர்ந்தவர்கள் என் பிள்ளைகள். அவர் முகம் மாறியது. நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படும் நிமிடங்களை அடுக்கினால் அதுதான் முதலில் வரும்.

அவர் திறந்திருந்த கதவு வழியாக நடு ஸ்டாண்டை ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"சரிண்ணே. அப்ப நானும் பாகூர் வரைக்கும் கூடப் போறேன். மூணாவது வண்டி ஏத்தும்போது நடு வண்டிய எறக்கி ஒரு தபா பாத்துட்டு, பஸ் புடிச்சு வந்துடறேன்."

எனக்கு நிம்மதியாகிவிட்டது. அவர் பார்த்துக்கொள்வார். பாருங்கள், நிம்மதி எவ்வளவு லேசாக வருகிறது! எலுமிச்சம்பழம் நசுங்க டிரெய்லர் வெளியேறியது. பிரவீனின் ஜீப் பின்சீட்டிலிருந்து ஆரோக்கியசாமி திரும்பி டிரெய்லரையே பார்த்துக்கொண்டு போனார்.

பதினொன்றேகாலுக்குப் போன் வந்தது. பிரவீன்தான். "அண்ணா, ஆரோக்கியம் அண்ணா மேல கதவு..."

என்ன நடந்தது என்பதைப் பிறகு பிரவீன் சொல்லித்தான் அறிந்தேன். பாகூர் போகும் வழியில் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் உள்ளே தடாலென்று சத்தம் கேட்டிருக்கிறது. நிறுத்திப் பார்க்கலாமா என்று பிரவீன் கேட்க, ஆரோக்கியசாமி "ரோட்டுல தொறக்க வாணாம் தம்பி, ஜனம் போய்க்கினு வந்துகினு இருக்குது, மெதுவா வுடுங்க" என்றாராம். நண்பர் வீட்டு வாசலில் ரேஸ் பைக்கைப் பார்க்கத் தெருவே கூடி நின்றிருக்கிறது, கைக்குழந்தையோடு பெண்கள்கூட. ஆரோக்கியசாமி பின்கதவில் காதை வைத்து, முஷ்டியால் தட்டிப் பார்த்திருக்கிறார். அவருக்குத் தெரிந்துபோயிற்று. எல்லாரையும் எதிர்ச் சுவர்வரை விரட்டினாராம். பிரவீனையும் தள்ளி நிற்கச் சொன்னாராம். நடு ஸ்டாண்டு பிளேட்டோடு பெயர்ந்து, கனமான வண்டி கதவின் மேல் சாய்ந்து கிடந்தது. பக்கக் கதவு இருந்திருந்தால் உள்ளே போய் அதைக் கட்டியிருக்கலாம். இல்லை. இடது தாழ்ப்பாளை எடுத்தார், கதவு நின்றது. வலது தாழ்ப்பாளுக்கு எவ்வளவு ஒதுங்கி நிற்க முடியுமோ அவ்வளவு ஒதுங்கி நின்று கையை நீட்டினார். கையளவு ஒதுங்கியது போதவில்லை, கதவு சடாரென்று விழுந்தது. அவரைத் தோளில் அடித்துச் சாய்த்தது. அதன் மேல் இருநூறு கிலோவுக்குப் பக்கமான வண்டி.

தெருவில் வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நான் மொபெட்டில் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள். அவர் மனைவி ஸ்டெல்லா, தான் வேலை பார்க்கும் துணிக்கடையிலிருந்து நேரே வந்திருந்தார், கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியபடி. டாக்டர்கள் தங்களால் ஆனதையெல்லாம் செய்தார்கள். மூன்று மணிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் என் மேஸ்திரி பூஜை போட்ட விதம் முழுதாக ஞாபகத்துக்கு வந்தது. அவர் எடுத்ததும் கற்பூரம் கொளுத்த மாட்டார். கையில் தீப்பெட்டியோடு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு ஆளையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உன் வேல முடிஞ்சுதா?" என்று கேட்பார். எல்லாரும் வாய் திறந்து "முடிஞ்சுது" என்ற பிறகே குச்சியை உரசுவார். கற்பூரத்துக்குப் பிறகு ராடு கூடாது என்றால், ராடுக்கு வேலை மிச்சமிருக்கும்போது கற்பூரம் கூடாது என்றுதான் அர்த்தம். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகோ, வாடிக்கையாளர்கள் காரில் வர ஆரம்பித்த பிறகோ, அந்தச் சுற்றையும் அந்தக் கேள்வியையும் விட்டுவிட்டேன். கற்பூரத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் அது ஒரு முட்டாளின் கதை. அதற்கு மேலும் நான் செய்தேன்.

ஸ்டேஷன் வாசலில் பிரவீனின் அப்பா என்னை ஓரமாக அழைத்துப் போனார். "மேஸ்திரி, கதவ அவரேதான் தொறந்தாரு. யாரும் தொறக்கச் சொல்லல. அத மட்டும் சொல்லுங்க, போதும்." உள்ளே வாக்குமூலம் எழுதும் ரைட்டர் கேட்டார், ஸ்டாண்டை வெல்டு செய்தது யார்? ஆரோக்கியசாமி. கூடப் போனது ஏன்? ஒருதரம் சரிபார்க்க. கதவைத் திறந்தது? அவர்தான். ஒவ்வொரு பதிலும் உண்மை. எல்லாவற்றையும் சேர்த்து எழுதிப் படித்தபோது, தன் வேலையைப் பாதியில் விட்ட ஒரு வெல்டர் தன் கவனக்குறைவால் செத்துப்போனதாக அதில் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். பயம். ஜெயில் பயம், பட்டறையை மூடிவிடுவார்களோ என்ற பயம். வேறு காரணம் ஒன்றுமில்லை.

கோயிலில் அடக்கப் பூசையின்போதே காதில் விழுந்தது. "டேக்லயே வுட்டுட்டாராமே, அவ்ளோ பெரிய வேலக்காரரு." வெல்டு போட்டுவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்ட மனிதரைப் பற்றி நம் தொழில்காரர்களே அப்படிப் பேசினார்கள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எட்டாம் நாள் ஸ்டெல்லா பட்டறைக்கு வந்தார். கணவருடைய டிபன் பாக்ஸ், ஒரு சட்டை, ஷீல்டு, இவற்றை எடுத்துப் போக. மற்றதைப் பையில் போட்டு, ஷீல்டைக் கையில் பிடித்துக்கொண்டவர் போகவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க."

"கேளும்மா."

"அவரு மறந்துட்டாருன்னு ஊரே பேசுது. எங்க வூட்டு கேட்டுக்கு ஒரு கொக்கி வைக்க மூணு தபா ராடு புடிச்ச மனுசன் அவரு. உங்ககிட்ட அவரு ஒண்ணுமே சொல்லலியா?"

அன்றைக்குப் பத்து ஐந்துக்கு நாங்கள் பேசியதைக் கேட்டவர் வேறு யாரும் இல்லை. அதைத் தெரிந்த இன்னொருவர் கல்லறையில் இருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அது அப்படியே நின்றுவிடும். என் நாக்கு அதைச் சொல்லத் தயாராகவும் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் கையில் அவருடைய ஷீல்டு இருந்தது. நெற்றி படும் இடத்தில் வியர்வைக் கறை.

"சொன்னாரும்மா. ராடு வச்சிடலாம்னு கேட்டாரு. நான்தான் வாணாம்னுட்டேன்."

அவர் அழுவார், திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். செய்யவில்லை.

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்கு அவரப் பத்தித் தெரியும். எங்க எழுதிக் குடுத்தீங்களோ அங்க போயி மாத்திக் குடுங்க. உங்க ஆளுங்க கூட்டத்துலயும் சொல்லுங்க. எம் பையன் நாளைக்கி எந்தப் பட்டறைக்குப் போனாலும், அவங்கப்பாவ யாரும் அப்டிப் பேசக் கூடாது."

அன்று மதியமே போனேன். ரைட்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, புதுத் தாளை எடுத்தார். அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அதன் பிறகு என்னிடம் பேசுவதில்லை. வழக்கு நடந்தது, அதன் முடிவை அனுபவித்தேன், பட்டறையை மூடினேன். ஸ்டெல்லா இன்றுவரை என்னை மன்னித்ததாகச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் வேலை முடியவில்லை என்றால் அதைச் சத்தமாகச் சொல்லுங்கள், வாடிக்கையாளர் காதில் விழும்படி. முதலாளி கை காட்டினால் கையைப் பிடித்து இழுத்துச் சொல்லுங்கள். முடிந்ததா என்று கேட்காமலே அவர் கற்பூரத்தைக் கொளுத்தினால் ஊதி அணைத்துவிடுங்கள். பாவம் வந்தால் என் கணக்கில் சேரட்டும். அங்கே ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

போலீஸ் விடுவித்த பிறகு பிரவீன் டிரெய்லரை என் பட்டறையில் கொண்டுவந்து விட்டார். "எனக்கு வேணாம்ணா, பாக்கவே முடியல" என்றார். அவர் பைக் ஓட்டுவதையே விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். பட்டறையை மூடும் முன் கடைசி வேலையாக, ஒரு நண்பருடைய பெரிய பைக்கை இரவல் வாங்கி, அந்த டிரெய்லரில் ஏற்றிப் பெல்ட் போட்டுக் கட்டினேன். பிறகு கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தேன். பெல்ட்டை அவிழ்த்து, வண்டியை இறக்கித் தள்ளி நிறுத்தி, நடு ஸ்டாண்டின் பிளேட்டைப் பழைய இடத்தில் வைத்து, பெயிண்டைச் சுரண்டி, சுற்றிலும் முழு வெல்டு ஓட்டினேன். சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டேன். சூடு தணிந்ததும் வண்டியை ஏற்றித் திரும்பக் கட்டினேன். இடுப்பு வலிக்காரன், தனியாக, நிதானமாகத்தான் செய்தேன்.

பதினெட்டு நிமிடம் ஆயிற்று.

அவர் என்னைக் கூப்பிட்டது பத்து ஐந்துக்கு. ராகு காலம் பத்தரைக்கு.